முத்திரையைப் பார்க்குமுன் முனையைப் பாருங்கள்: மென்மரப் பலகையின் தரமும் ரேகையும்

“நல்ல கிரேடு மரமாகப் பார்த்து எடுத்துக்கொள்” என்று சொல்வது சுலபம். எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்டால்தான் ஆள் முழிப்பார். மரவேலை பழகத் தொடங்கிய புதிதில் என்னையும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. புத்தக அலமாரி செய்ய, பலகையில் குத்தியிருக்கும் தர முத்திரையில் ‘நம்பர் 1’ என்று இருந்த பைன் பலகைகளாகத் தேடிப் பொறுக்கினேன். இரண்டு மாதத்தில் நடுத்தட்டு, தண்ணீர் ஊற்றினால் தேங்கும் அளவுக்குக் குழிந்துவிட்டது. மரத்தில் குற்றம் இல்லை. முத்திரையும் பொய் சொல்லவில்லை. இந்தச் சட்டம் வீட்டுக் கூரையைத் தாங்குமா என்று யாரோ கேட்டதற்கான பதில் அந்த முத்திரை. நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு, அதற்கான பதில் பலகையின் முனையில், அதாவது குறுக்கே வெட்டிய பக்கத்தில், வளையம் வளையமாக எழுதியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

தரம், ரேகை என்ற இரண்டு சொற்களும் மரம் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும். இரண்டையும் ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறோம். இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மென்மரம் என்றால் மெத்தென்ற மரம் இல்லை

பைன், ஸ்ப்ரூஸ், ஃபர், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களிலிருந்து கிடைப்பது மென்மரம். பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்களிலிருந்து கிடைப்பது வன்மரம். இது தாவரவியல் பிரிவு, அவ்வளவுதான். கைக்கு எப்படி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பொம்மை விமானம் செய்யும் பால்சா, நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம். ஆனால் அது வன்மரக் கணக்கில் வரும். வில் செய்யப் பேர்போன யூ மரம் மென்மரம். அதில் உளி இறக்கிப் பார்த்தவர் யாரும் அதை மென்மை என்று சொல்ல மாட்டார்.

நமக்கு முக்கியமான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மென்மரத்தின் பருமனில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரே வகைச் செல்தான். 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய குழாய் போல இருக்கும். மரம் உயிரோடு நிற்கையில் தண்ணீர் ஏற்றுவதும் இதுதான், பாரம் தாங்குவதும் இதுதான். இனி இதை நார் என்றே சொல்வோம். ஒரு கைப்பிடி ஸ்ட்ராக்களைப் பசை போட்டு ஒட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இழுத்தால் லேசில் அறுபடாது. பக்கவாட்டில் பிய்த்தால் சுலபமாகப் பிரிந்துவிடும். விறகு பிளக்கும் கோடாரி நம்பியிருப்பது இந்த ஒரு குணத்தைத்தான்.

ஒரு வளையத்துக்குள் இரண்டு மரம்

பருவம் மாறி மாறி வரும் இடத்தில் வளரும் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். பைன் பலகையில் வெளிர் பட்டை, கருத்த பட்டை என்று மாறி மாறித் தெரிகிறதே, அந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஓராண்டு வளர்ச்சி. வளர்ச்சிப் பருவத் தொடக்கத்தில் வேகமாகப் போட்ட, சுவர் மெலிந்த நார்கள் வெளிர்ப் பகுதி. இதற்கு முன்பருவ மரம் என்று பெயர். பருவம் முடியும்போது நிதானமாகப் போட்ட, சுவர் தடித்த நார்கள் கருத்த பகுதி. இது பின்பருவ மரம். டக்ளஸ் ஃபர் போன்ற மரங்களில் பின்பருவ மரம், முன்பருவ மரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அடர்த்தி.

இதைக் கையால் உணரலாம். விரலால் உப்புக் காகிதத்தை அழுத்தித் தேய்த்தால் வெளிர்ப் பகுதி சீக்கிரம் தேய்ந்து இறங்கும், கருத்த கோடுகள் மேடாக நிற்கும். தகர ஓடு மாதிரி ஒரு நெளிவு வந்துவிடும். அதனால்தான் காகிதத்தை ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்கச் சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கை, சாயம் பூசும்போது நடக்கும். வெளிர்ப் பகுதி நுரைப்பஞ்சு போல நிறத்தைக் குடிக்கும், கருத்த பகுதி குடிக்காது. அடர்த்தியான சாயம் பூசினால் வெளிர் இருந்த இடம் இருட்டாகி, கருப்பு இருந்த இடம் வெளுப்பாகத் தெரியும். பழைய ஃபிலிம் சுருளின் நெகட்டிவ் மாதிரி பலகை தலைகீழாகிவிடும். முதல் தடவை பார்ப்பவர் சாயம் சரியில்லை என்று டப்பாவைத்தான் திட்டுவார்.

ரேகை என்ற ஒரே சொல், மூன்று விஷயங்கள்

குழப்பமே இங்கேதான். ‘இந்தப் பலகையில் ரேகை நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அவர் மூன்றில் எதைச் சொல்கிறார் என்று தெரியாது.

நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது ஒன்று. இதை நார் ஓட்டம் என்போம். பலகையின் வலிமையும் இழைப்புளி ஓட வேண்டிய திசையும் இதைப் பொறுத்தவை. பலகையின் முகத்தில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள், வளைவுகள் இரண்டாவது. இதைக் கோலம் என்போம், இது அழகு சமாச்சாரம். பலகையின் முனையில் வளையங்கள் படுத்திருக்கின்றனவா, நிற்கின்றனவா என்பது மூன்றாவது. இது வளைய நிலை. நாளைக்குப் பலகை எப்படிக் கோணும் என்பதைச் சொல்வது இந்த மூன்றாவதுதான். ஆனால் கடையில் நிற்கும் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கோலம் எப்படி வருகிறது? காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கிக் கவிழ்த்து வையுங்கள். கீழே அகலம், மேலே குறுகல். மரத்தின் வளையங்களும் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று போர்த்தியிருக்கின்றன. அந்த அடுக்கின் பக்கவாட்டில், நடுவைத் தொடாமல், செங்குத்தாக ஒரு சீவு சீவினால் வெட்டிய முகத்தில் கோபுரம் கோபுரமாக வளைவுகள் தெரியும். நட்டநடுவில் வெட்டினால் நேர் கோடுகள் மட்டும் தெரியும். மரம் ஒன்றுதான், கோப்பையும் ஒன்றுதான், கத்தி போன இடம்தான் வேறு. (நேராக வளர்ந்த மரமென்றால் அந்தக் கோபுரங்களின் உச்சி பெரும்பாலும் மரம் வானத்தைப் பார்த்து நின்ற திசையைக் காட்டும். பயன் பெரிதாக ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டால் பலகையைப் பார்க்கும் கண் மாறுகிறது.)

இதுவரை பார்த்தது: ஒரு வளையத்தில் மெலிந்த மரமும் தடித்த மரமும் உண்டு. ரேகை என்று சொல்லும்போது நார் ஓட்டம், கோலம், வளைய நிலை என்று மூன்றைக் கலந்து பேசுகிறோம். கோலம் என்பது வெட்டு விழுந்த இடத்தின் விளைவு.

முனை சொல்லும் சேதி

பலகையை முகம் பார்த்து வைக்காமல் முனையைப் பாருங்கள். வளையங்கள் பலகையின் அகலத்தோடு படுத்தாற்போல் வளைந்து கிடந்தால் படுத்த வளையம். பலகையின் தடிமனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக நின்றால் நின்ற வளையம். இடைப்பட்டது சாய்ந்த வளையம். வணிகத்தில் முதலாவதை பிளாட் கிரெயின் என்றும் இரண்டாவதை வெர்ட்டிகல் கிரெயின் என்றும் சொல்வார்கள். படுத்த வளையப் பலகைக்குக் கோபுரக் கோலம் வரும், நின்ற வளையப் பலகைக்கு நேர்கோடு வரும். ஆக, முகத்தைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் சந்தேகமில்லாமல் சொல்வது முனைதான்.

இது ஏன் முக்கியம்? மரம் ஈரம் இழந்தால் சுருங்கும், ஏறினால் உப்பும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இல்லை. நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், முழுக்கக் காய்ந்தாலும் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். வளையத்தைக் குறுக்கே கடக்கும் திசையில் சுருக்கம் நடுத்தரம். வளையத்தின் சுற்றோடு போகும் திசையில்தான் அதிகம். டக்ளஸ் ஃபர் மரத்துக்கு, பச்சை மரம் சொட்டு ஈரம் இல்லாமல் காயும் வரை கணக்கிட்டால், குறுக்கே சுமார் 4.8 சதவீதம், சுற்றோடு சுமார் 7.6 சதவீதம்.

சதவீதத்தில் சொன்னால் உறைக்காது, மில்லிமீட்டரில் போட்டுப் பார்ப்போம். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டு. செய்தபோது ஈரப்பதம் 12 சதவீதம், வறண்ட மாதங்களில் 8 சதவீதம். ஈரப்பதம் என்பது ஒட்டக் காய்ந்த மரத்தின் எடை 100 என்றால் அதில் இருக்கும் தண்ணீரின் எடை எவ்வளவு என்ற கணக்கு. மரம் சுருங்கத் தொடங்குவது சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான். அந்த 30 புள்ளிகளில் நாம் இழந்தது 4. படுத்த வளையத் தட்டு என்றால் அகலத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறையும். நின்ற வளையத் தட்டு என்றால் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விடும் இடைவெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், இது சின்ன விஷயம் இல்லை.

சுருங்குவதோடு போனால் பரவாயில்லை. படுத்த வளையப் பலகையின் ஒரு முகம் மரப்பட்டை இருந்த பக்கம், மறுமுகம் நடுமையம் இருந்த பக்கம். பட்டைப் பக்கத்து முகத்தில் வளையங்கள் முகத்தோடு ஒட்டி நீளமாகப் படுத்திருப்பதால் அந்தப் பக்கம் அதிகம் சுருங்கும். விளைவு, காயக் காயப் பலகை பட்டைப் பக்கம் குழியும். வளைந்த வளையங்கள் நிமிரப் பார்க்கின்றன என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், எந்தப் பக்கம் குழியும் என்று முனையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் அலமாரியின் நடுத்தட்டில் பட்டைப் பக்கம் மேலே இருந்தது, குழி மேலே விழுந்தது. புத்தகம் அடுக்கியவருக்கு வியப்பு, மரத்துக்கு அது வழக்கம்.

முனையில் இன்னொன்றையும் தேடுங்கள். வளையங்களின் நடுப்புள்ளியே பலகைக்குள் இருக்கிறதா? அதாவது மரத்தின் நடுமையம் உள்ளே சிக்கியிருக்கிறதா? இருந்தால் அந்தப் பலகை அநேகமாக வெடிக்கும். சுற்றோடு சுருங்க வேண்டிய வளையம் முழு வட்டமாக இருப்பதால், கிழிந்தால்தான் சுருங்க முடியும். மேலும் நடுமையத்தை ஒட்டிய முதல் சில ஆண்டு வளையங்கள் மரத்தின் குழந்தைப் பருவத்தில் வளர்ந்தவை. அந்த மரம் மற்றதைவிட நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கி, பலகையை வில்லாக வளைக்கும்.

நார் ஓட்டம்: பூனையின் முதுகு

பூனையைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் மயிர் படியும், எதிர்த்திசையில் தடவினால் சிலிர்க்கும். இழைப்புளியும் அப்படித்தான். பலகையின் பக்க விளிம்பைப் பாருங்கள். கோடுகள் இழைக்கப்போகும் முகத்தை நோக்கி எந்தப் பக்கம் ஏறுகின்றனவோ அந்தப் பக்கம் இழைத்தால் சுருள் சுருளாக வரும். எதிர்ப்பக்கம் இழைத்தால் அலகு நாருக்கு அடியில் புகுந்து பிய்த்து எடுக்கும். சந்தேகமா, அலகை லேசாக இறக்கி ஒரு தடவை ஓட்டுங்கள், சத்தமே சொல்லிவிடும்.

நார் சாய்வு வலிமையையும் தின்னும். நீளத்தில் 10 அங்குலம் போவதற்குள் நார் 1 அங்குலம் விலகினால், வளைக்கும் பாரத்தைத் தாங்கும் திறன் நேர் நார் மரத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 81 சதவீதம்தான். 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்றால் பாதியைத் தொட்டுவிடும், சுமார் 55. நாற்காலிக் கால், ஏணிப்படி மாதிரி மெல்லிசான உறுப்புகளில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. கோலம் பொய் சொல்லலாம், ஆனால் மரம் காய்ந்து விட்ட நுண்வெடிப்பு பொய் சொல்லாது. அது எப்போதும் நாரோடுதான் ஓடும்.

கணு: செத்த கிளையும் உயிருள்ள கிளையும்

தரம் பிரிப்பவர் முதலில் எண்ணுவது கணுவைத்தான். கணு என்பது கிளையின் அடிப்பகுதி. தண்டு பருக்கும்போது கிளை உயிரோடு இருந்தால் இரண்டின் நாரும் பின்னிப் பிணையும். அந்தக் கணு இறுகி நிற்கும், பெரும்பாலும் சிவந்த நிறம். கிளை ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் தண்டு அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கும், பிணைப்பு இருக்காது. சுற்றிலும் கருப்பு வளையம் போட்ட கணுவைப் பார்த்தால் அது இந்த வகை. காய்ந்ததும் கழன்று விழுந்து ஓட்டையாகிவிடும்.

வலிமையைக் குறைப்பது கணுவைவிட அதைச் சுற்றி விலகி ஓடும் நார்தான். ஆற்று நடுவில் பாறை கிடந்தால் தண்ணீர் வளைந்து போவது போல நார் வளைந்து போகிறது. அப்புறம், எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாரம் ஏற்றிய உத்திரத்தின் அடி விளிம்பு இழுபடுகிறது, மேல் விளிம்பு நசுங்குகிறது, நடுப்பகுதிக்கு அவ்வளவு வேலை இல்லை. அதனால்தான் தர விதிகள் நடுவில் பெரிய கணுவை விட்டுக்கொடுக்கும், விளிம்பில் சின்னதையே அனுமதிக்கும்.

அப்படியானால் முத்திரை யாருக்காக?

இப்போது தரத்துக்கு வரலாம். மென்மரத்தில் அடிப்படையில் இரண்டு வகைத் தரம் உண்டு. ஒன்று வலிமைத் தரம்: இந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும்? மற்றது தோற்றத் தரம்: பார்க்க எப்படி இருக்கும்? இரண்டும் வேறு வேறு கணக்கு.

வட அமெரிக்காவில் கட்டுமானச் சட்டங்களுக்கு செலக்ட் ஸ்ட்ரக்சுரல், நம்பர் 1, நம்பர் 2, நம்பர் 3 என்று இறங்கும். அது வலிமைத் தரம். அங்கேயே பலகைகளுக்கு சி செலக்ட், டி செலக்ட், அப்புறம் 1 காமன், 2 காமன் என்று போகும். அது தோற்றத் தரம். ‘2’ என்ற எண் இரண்டிலும் வந்தாலும் ஒன்றுக்கொன்று உறவில்லை. ஐரோப்பாவில் சி16, சி24 என்று முத்திரை இருந்தால் அது வலிமை மட்டும்தான். அந்த எண், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் வளைவு அழுத்தத்துக்கு அந்த வகுப்பு கணக்கிடப்பட்டிருக்கிறது என்பது. சி24 பலகை அசிங்கமாக இருக்கலாம், அதைப் பற்றி முத்திரைக்குக் கவலை இல்லை.

பெயரை வைத்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காண்டிநேவியப் பழைய முறை நல்ல உதாரணம். அங்கே ‘அன்சார்ட்டட்’, அதாவது தரம் பிரிக்காதது, என்று ஒன்று உண்டு. கேட்டால் குப்பை என்று தோன்றும். உண்மையில் முதல் நான்கு தரங்களைப் பிரிக்காமல் சேர்த்து விற்பதுதான் அது. அதற்குக் கீழேதான் ஐந்தாம் தரம், ஆறாம் தரம். பட்டியலில் உயர்ந்த சரக்கே ‘பிரிக்காதது’தான்.

இன்னொரு நுணுக்கம். வன்மரத்தைத் தரம் பிரிக்கும்போது, அதை வெட்டித் துண்டாக்கித்தான் பயன்படுத்துவார்கள் என்று வைத்துக்கொண்டு, எவ்வளவு சுத்தமான துண்டு தேறும் என்று கணக்கிடுவார்கள். மென்மரச் சட்டத்தையோ முழுசாக, அதே நீளத்தில், அப்படியே பயன்படுத்துவதாக வைத்துத் தரம் போடுகிறார்கள். அதனால் சட்டத்தை நெடுக்கில் அறுத்த கணமே அந்த முத்திரை செல்லாது. நடுவில் இருந்த கணு இப்போது விளிம்புக்கு வந்திருக்கலாம் அல்லவா? மென்மரத்திலும் ‘ஷாப்’ என்றொரு தரம் துண்டு போடும் வேலைக்கென்றே உண்டு. கதவு, ஜன்னல் செய்யும் ஆலைகள் வாங்குவது அதைத்தான்.

முத்திரையில் எச்டி (HT) என்று இருந்தால் ‘ஹை தரம்’ என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பூச்சி சாக மரத்தின் மையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான அடையாளம். பேக்கிங் பெட்டிகளில் பார்க்கலாம். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, முழுக்க உலர்த்தியது என்றும் அர்த்தமில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: வலிமைத் தரமும் தோற்றத் தரமும் வேறு. இரண்டுமே வளைய நிலையைப் பொதுவாகச் சொல்லாது. ‘வெர்ட்டிகல் கிரெயின்’ என்று தனியாகக் குறிப்பிட்டு, அதற்கென்று விலையும் வைத்திருந்தால் ஒழிய, படுத்ததா நின்றதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

19 என்ற எண்

முத்திரையில் நான் இன்று முதலில் தேடுவது ஈரப்பதத்தைத்தான். அமெரிக்க முத்திரையில் எஸ்-டிரை, கேடி என்றெல்லாம் இருந்தால் 19 சதவீதம் அல்லது அதற்குக் கீழே உலர்ந்திருந்தது என்று பொருள். எஸ்-ஜிஆர்என் என்றால் அதைவிட ஈரம். 15 என்று எண் போட்டிருந்தால் இன்னும் உலர்ந்தது. வீட்டுச் சட்டகத்துக்கு 19 போதும். ஆனால் அறைக்குள் இருக்கும் மேசை, அலமாரி மரம் காலப்போக்கில் சுற்றுப்புறக் காற்றைப் பொறுத்து 6 முதல் 12 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கும். 19-லிருந்து அங்கே இறங்கும் வழியில்தான் கோணலும் முறுக்கும் வருகின்றன. வாங்கிய பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, காற்றோடும்படி அடுக்கி, வேலை செய்யும் அறையிலேயே சில வாரம் விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழி கிடையாது.

அகலச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் நல்ல மரம்

கடைசியாக, முனையைப் படிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் ஒரு தந்திரம். ‘2×12’ என்று விற்கும் அகலமான கட்டுமானச் சட்டம் இருக்கிறதே (பெயருக்குத்தான் அந்த அளவு, இழைத்த பின் கையில் வருவது 1½ × 11¼ அங்குலம்), அவ்வளவு அகலம் வேண்டுமென்றால் மரத்தின் நடுவை ஒட்டித்தான் பெரும்பாலும் அறுக்க முடியும். அதனால் முனையில் பார்த்தால் நடுவில் வளையங்கள் சுருண்டு கிடக்கும், இரண்டு ஓரங்களிலும் வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்.

நடுவிலிருக்கும் மூன்று நான்கு அங்குலத்தை நெடுக்கில் அறுத்துத் தனியே எடுத்துவிடுங்கள். அதில்தான் நடுமையம், குழந்தைப் பருவ மரம் எல்லாம். மிச்சமிருக்கும் இரண்டு ஓரத் துண்டுகளும் நின்ற வளையம் அல்லது அதற்குப் பக்கத்தில். நேர்கோட்டுக் கோலம், குறைந்த அசைவு. கணு இருக்கும் இடங்களைக் குறுக்கே வெட்டித் தள்ளினால், கதவுச் சட்டத்துக்கும் மேசைக் காலுக்கும் போதுமான சுத்தமான துண்டுகள் தேறும். அறுத்த துண்டுகளை உடனே இழைத்துவிடாதீர்கள். உள்ளே அடக்கிவைத்திருந்த இறுக்கம் விடுபட்டுக் கொஞ்சம் வளையும். வளைந்து முடியட்டும், ஒன்றிரண்டு வாரம் கழித்து இழைத்து நேராக்கலாம்.

அந்த அலமாரியின் நடுத்தட்டை நான் இப்படித்தான் மாற்றினேன். முத்திரையில் இருந்தது ‘நம்பர் 2’. நான்கு துண்டுகள் ஒட்டிய தட்டு, முனையில் பார்த்தால் வளையங்களெல்லாம் சீப்புப் பல் மாதிரி நிற்கும். குழியைக் காட்டிய பழைய தட்டு இப்போது பட்டறையில் பெயிண்ட் டப்பாக்களைத் தாங்குகிறது.